பிரிவு ஆசிரியராக ஏன் அவரை எடுத்தார்கள்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிகவியல் (படிகங்களுக்குள் அணுக்கள் அமைந்திருக்கும் விதத்தை ஆராயும் துறை) கட்டுரைகளையும் வெளியிடும் வேதியியல் ஆய்விதழ் ஒன்று, தன் பிரிவுகளுள் ஒன்றுக்குப் புதிய பிரிவு ஆசிரியரை அறிவித்திருக்கிறது. அவர் உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடமே முனைவர் பட்டம் பெற்றவர், இன்னும் நாற்பதைத் தொடாதவர். முந்நூறு கட்டுரைகளுக்கு மேல் எழுதிய வழிகாட்டியை விட்டுவிட்டு அவருடைய மாணவியை ஏன் எடுத்தார்கள், இந்தப் பொறுப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா, ஊதியம் உண்டா, அந்த இதழில் இரண்டு மாதமாகக் கிடக்கும் உங்கள் கட்டுரைக்கு இனி வழி பிறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேறோர் ஆய்விதழில் பன்னிரண்டு ஆண்டுகள் இணையாசிரியராக இருந்தவன். இரண்டு முறை பிரிவு ஆசிரியர் தேர்வின்போது என் கருத்தையும் கேட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

ஆசிரியர் நியமனம் என்றால் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கும். நேச்சர், சயன்ஸ், செல் போன்ற இதழ்களில் கட்டுரைகளைக் கையாளும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முழுநேர ஊழியர்கள். முனைவர் பட்டம் முடித்து, சில ஆண்டுகள் ஆய்வும் செய்து, பிறகு ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து மாதச் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்கிறவர்கள். அங்கே வெளிப்படையாக விளம்பரம் வரும், யாரும் விண்ணப்பிக்கலாம். 2018இல் நேச்சரின் தலைமை ஆசிரியரான மக்தலேனா ஸ்கிப்பர் மரபணுவியல் படித்து, அந்தக் குழுமத்தின் இதழ்களிலேயே பல ஆண்டுகள் ஆசிரியப் பணி பார்த்து மேலே வந்தவர். நீங்கள் கேட்பது இதுவல்ல. அறிவியல் சங்கங்களும் பதிப்பகங்களும் நடத்தும் பெரும்பாலான இதழ்களில் பிரிவு ஆசிரியர் என்பவர், பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்துக்கொண்டு, மாணவர்களின் ஆய்வையும் பார்த்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த வேலையைச் செய்கிறவர். சில இதழ்கள் ஆண்டுக்கொரு முறை சிறு மதிப்பூதியம் தரும், பல இதழ்கள் அதையும் தருவதில்லை. விண்ணப்பம் கோருகிற வழக்கம் இப்போது கூடி வருகிறது என்றாலும், தலைமை ஆசிரியரிடமிருந்து எதிர்பாராமல் ஒரு மின்னஞ்சல் வருவதுதான் இன்றும் வழக்கமான தொடக்கம்.

பிரிவு என்ற ஏற்பாடே, ஒருவரால் எல்லாவற்றையும் படிக்க முடியாமல் போனதால் பிறந்தது. லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் பிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ் இதழைத் தன் சொந்தப் பொறுப்பில் தொடங்கி, வானியல் முதல் உடற்கூறு வரை வந்ததையெல்லாம் தாமே படித்துத் தாமே முடிவு செய்தார். அந்த இதழே 1887இல் இயற்பியல், கணிதத்துக்கு ஏ என்றும் உயிரியலுக்கு பி என்றும் பிரிந்தது. அமெரிக்காவின் ஃபிசிகல் ரெவ்யூ 1970இல் ஏ, பி, சி, டி என நான்கானது. எங்கள் துறையான படிகவியலின் தாய் இதழான ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகாவை, 1948இல் பால் எவால்டை ஆசிரியராகக் கொண்டு சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் தொடங்கியது. அது 1968இல் ஏ, பி என இரண்டாகி, 2005க்குள் எஃப் வரை வந்துவிட்டது. இப்படிப் பிரிந்த ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பாக ஒருவர் வேண்டும். வரும் கட்டுரை தன் பிரிவுக்கு உரியதுதானா, மதிப்பாய்வுக்கு அனுப்பத் தக்கதா, எந்த இணையாசிரியரிடம் கொடுப்பது, இரண்டு மதிப்பாய்வாளர்கள் எதிரெதிராக எழுதினால் யார் சொல்வதை ஏற்பது என்பதெல்லாம் அவர் தலையில் விழும்.

இனி உங்கள் முதல் கேள்வி. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், பதவி என்றால் கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோள் எண்ணிக்கையையும் பார்த்துக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறார்கள். அவை பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும்போது மட்டும் உதவும். முடிவு வேறொரு கோப்பைத் திறந்து பார்த்து எடுக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆய்விதழும் தனக்கு மதிப்பாய்வு எழுதித் தந்தவர்களின் அறிக்கைகளை எல்லாம் சேமித்து வைத்திருக்கிறது. எத்தனை அழைப்புகளை ஏற்றார், எத்தனை நாளில் அனுப்பினார், என்ன எழுதினார் என்பது அத்தனையும் அங்கே இருக்கும். நான் கலந்துகொண்ட ஒரு தேர்வில் மூன்று பெயர்கள் இருந்தன. மூவருள் மிகப் பெரிய பெயர் உடையவரின் அறிக்கைகளை எங்கள் தலைமை ஆசிரியர் திரையில் காட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை மூன்று நான்கு வரிகள்: கட்டுரை நன்றாக இருக்கிறது, வெளியிடலாம், ஆசிரியர்கள் பின்வரும் கட்டுரைகளையும் மேற்கோள் காட்டினால் நல்லது. அந்தப் பின்வரும் கட்டுரைகள் எல்லாம் அவருடையவை. மூன்றாம் பெயருக்கு உரியவர் அப்போது உதவிப் பேராசிரியர். அவர் எழுதியிருந்த அறிக்கை ஒன்று, ஒரு படிகத்தில் இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே இருப்பதாகச் சொல்லப்பட்ட ஹைட்ரஜன் பிணைப்பை எடுத்துக்கொண்டு, அந்த ஹைட்ரஜன் அணுவை இப்படி வைத்தால் பக்கத்து மூலக்கூறின் இன்னொரு ஹைட்ரஜனோடு மோதும், ஆகவே அந்த இடத்தில் உள்ள அணு ஆக்சிஜனாக இருக்க முடியாது, நைட்ரஜனாக இருக்கலாம், ஆசிரியர்கள் தரவை மறுபடி பார்க்கட்டும் என்று ஒன்றரைப் பக்கம் விளக்கியது. முடிவுரையில், ஆய்வு செய்த மாணவரைப் புண்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. அன்று விவாதம் நீளவில்லை.

ஆகவே உங்கள் வழிகாட்டியின் பெருமைக்கு இதில் குறைவு ஒன்றும் இல்லை. கட்டுரை எழுதுவது ஒரு திறமை. பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படித்து, அதில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துச் சொல்வது வேறு திறமை. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு, ஆனால் அதை நம்பி யாரும் பதவி கொடுப்பதில்லை. மூத்தவர்களுக்கு இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. நாற்பது ஆண்டுப் பணியில் பலரோடு சேர்ந்து எழுதியிருப்பார்கள், பலருக்கு ஆய்வேடு திருத்தியிருப்பார்கள், சிலரோடு முட்டலும் இருந்திருக்கும். வரும் கட்டுரைகளில் பாதியைத் தொட முடியாதபடி உறவுகள் குறுக்கே நிற்கும்.

வயதைப் பற்றி ஒரு பழைய உதாரணம். ஜான் டேட் 1926இல் ஃபிசிகல் ரெவ்யூவின் ஆசிரியரானபோது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர், அன்றைய இயற்பியலின் பெரிய பெயர்களுள் ஒருவர் அல்ல. ஐன்ஸ்டைன் 1936இல் நேதன் ரோசனோடு சேர்ந்து ஈர்ப்பு அலைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை அனுப்பினார். டேட் அதை ஒரு மதிப்பாய்வாளரிடம் கொடுத்தார், அவரும் அதில் பிழை கண்டு விரிவாக எழுதினார். அச்சிடும் முன் பிறருக்குக் காட்ட நாங்கள் அனுமதிக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு அது வேறோர் இதழில், முடிவு திருத்தப்பட்டு, வெளிவந்தது. அந்த மதிப்பாய்வாளர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது இந்த நூற்றாண்டில்தான் ஆவணங்களிலிருந்து உறுதியானது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர் ராபர்ட்சன் அல்ல, டேட்தான். பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அந்தத் துறையில் தமக்குத் தேர்ச்சி இல்லாவிட்டாலும், யாரிடம் கேட்டால் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெயரைப் பார்த்துப் பயந்து கேட்காமலும் இருக்கவில்லை.

இந்தப் பொறுப்பின் எடையை எங்கள் துறையே ஒருமுறை நன்றாக உணர்ந்தது. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகாவின் ஈ பிரிவு 2001இல் இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழாகத் தொடங்கியது. ஒரு சேர்மம், ஒரு படிகம், ஒரு கட்டமைப்பு என்று சிறு சிறு அறிக்கைகள். கோ. நா. இராமச்சந்திரன் வளர்த்த சென்னைப் பல்கலைக்கழகத் துறை உட்பட, தமிழ்நாட்டில் படிகவியல் செய்த மாணவர்கள் எத்தனையோ பேருக்கு முதல் கட்டுரை அதில்தான் வந்தது. 2010 ஜனவரி இதழில், அதன் பிரிவு ஆசிரியர்கள் வில்லியம் ஹாரிசன், ஜிம் சிம்சன், மத்தியாஸ் வைல் ஆகிய மூவரும் கையெழுத்திட்டு ஒரு தலையங்கம் எழுதினார்கள்: சீனாவின் ஜிங்காங்ஷான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு குழுக்கள் வெளியிட்ட 70 கட்டமைப்புகள் போலியானவை, அவை திரும்பப் பெறப்படுகின்றன.

மோசடி நடந்த விதத்தைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்கலாம். படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் செறிவையும் அளந்து, அவற்றிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிடுகிறோம். அந்தக் குழுவினர் ஓர் உண்மையான படிகத்தின் செறிவுத் தரவை எடுத்துக்கொண்டு, ஓர் உலோக அணுவை இன்னொன்றாகவும், ஒரு தொகுதியை அதே அளவுள்ள வேறொரு தொகுதியாகவும் மாற்றி எழுதி, புதிய சேர்மம் என்று அனுப்பியிருந்தார்கள். ஆய்வகத்தில் அப்படியொரு பொருள் தயாராகவே இல்லை. ஆனால் அணுவுக்குப் பொய்ப்பெயர் வைத்தால் அது எங்காவது காட்டிக்கொடுக்கும். பிணைப்பால் கட்டுண்ட இரண்டு அணுக்கள், அந்தப் பிணைப்பின் திசையில் ஏறக்குறைய ஒரே அளவுதான் அதிர முடியும். கனமான அணுவின் இடத்தில் இலேசானதைப் பெயர் மாற்றி வைத்தால், கணக்கில் அதன் அதிர்வு இயற்கைக்குப் பொருந்தாத அளவுக்குச் சுருங்கும், இலேசானதன் இடத்தில் கனமானதை வைத்தால் ஊதும். நெதர்லாந்தின் உட்ரெக்டைச் சேர்ந்த டான் ஸ்பெக் உருவாக்கிய சோதனை நிரல்கள் இந்த வகை அறிகுறிகளைப் பிடித்தன. அதன் பிறகு, வேறு வேறு சேர்மங்கள் என்று வந்த கட்டுரைகளின் செறிவுத் தரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, இரண்டும் ஒரே தரவு என்பது தெரிந்தது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கட்டுரைகள் எல்லாம் ஏற்கெனவே மதிப்பாய்வைக் கடந்து வெளியானவை. பழையதைக் கிளறினால் இதழின் பெயர் கெடும் என்று மூடி வைத்திருக்கலாம். அந்த மூன்று ஆசிரியர்களும் கிளறினார்கள், தங்கள் பெயரைப் போட்டு எழுதினார்கள். பிரிவு ஆசிரியராக ஒருவரைத் தேடும்போது, இதைச் செய்வாரா என்ற கேள்வியும் யாரோ ஒருவர் மனத்திலாவது இருக்கும்.

தேர்வில் வேறு கணக்குகளும் உண்டு, மறுக்க மாட்டேன். பிரிவில் கரிம வேதியியலுக்கு நால்வர் இருந்து கனிமங்களுக்கு ஒருவரும் இல்லையென்றால் அந்த இடத்தைத்தான் நிரப்புவார்கள். குழு முழுவதும் ஐரோப்பாவும் வட அமெரிக்காவுமாக இருந்தால் ஆசியாவில் தேடுவார்கள், ஆண்களாகவே இருந்தால் பெண்களைத் தேடுவார்கள். உங்கள் ஊரில் சிலர் இதை வைத்து அந்த அம்மையாரைக் குறைத்துப் பேசக்கூடும். பட்டியலில் பெயர் ஏற அது உதவியிருக்கலாம். ஆனால் அறிக்கைகளைத் திறந்து படிக்கும்போது அது யாருக்கும் உதவுவதில்லை.

சம்மதம் சொன்ன பிறகு நடப்பவை பெரும்பாலும் காகித வேலைகள். மூன்று ஆண்டு, சில இடங்களில் ஐந்து ஆண்டு என்று காலம் குறிப்பார்கள், பொதுவாக ஒருமுறை நீட்டிக்கலாம். யாருடன் பண உறவு, ஆய்வு உறவு, குடும்ப உறவு என்று எழுதித் தர வேண்டும். நல்ல இதழ் என்றால், பழையவரும் புதியவரும் சில மாதங்கள் சேர்ந்து வேலை செய்ய விடுவார்கள்; புதியவர் முதலில் பத்துப் பதினைந்து கட்டுரைகளுக்குத் தாம் என்ன முடிவு எடுத்திருப்பார் என்று எழுதி, பழையவரின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். 1997இல் தொடங்கப்பட்ட பதிப்பு நெறிக் குழுவான கோப் ஆசிரியர்களுக்கு ஒரு விதி வகுத்தது: முந்தைய ஆசிரியர் வெளியிடலாம் என்று எடுத்த முடிவை, கடுமையான பிழை தெரிய வந்தாலொழிய, புதியவர் மாற்றக் கூடாது. வெளியில் அதிகம் தெரியாத இந்த விதிதான் ஆசிரியர் மாறும் காலத்தில் எழுத்தாளர்களைக் காப்பாற்றுகிறது.

புதியவருக்கு முதலாண்டில் மூச்சு முட்டும். இரண்டு மதிப்பாய்வாளர்கள் கிடைக்க எட்டுப் பேரை அழைக்க வேண்டியிருக்கும், அந்த அலுப்பில்தான் தவறு நேரும். எனக்கே நேர்ந்தது. ஒரு கட்டுரைக்கு ஏழு பேர் மறுத்துவிட்ட நிலையில், எழுத்தாளர் தாமே பரிந்துரைத்திருந்த ஒருவருக்குச் சனிக்கிழமை இரவு அழைப்பு அனுப்பினேன். ஞாயிறு காலை காபி குடிப்பதற்குள் அறிக்கை வந்துவிட்டது, இரண்டு பக்கம், பாராட்டு மழை. பெயர் ஓர் உண்மையான பேராசிரியருடையது. மின்னஞ்சல் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது அல்ல, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கக்கூடியது. நான் பார்க்காமல் ஏற்றுக்கொண்டேன். அச்சுக்குப் போகும் முன் அலுவலகப் பெண்மணி ஒருவர் சந்தேகப்பட்டு அந்தப் பேராசிரியருக்கே நேரடியாக எழுதிக் கேட்டதால் தப்பித்தேன். அன்று முதல், எழுத்தாளர் தரும் முகவரியை நான் பயன்படுத்தியதே இல்லை.

நியமனத்தில் கவனம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹிண்டாவி இதழ்கள் சாட்சி. விருந்தினர் ஆசிரியர்களின் பொறுப்பில் சிறப்பிதழ்களைக் கணக்கின்றி வெளியிட அனுமதித்ததன் விளைவாக, அவற்றை வாங்கியிருந்த வைலி நிறுவனம் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. எனவே உங்களுக்கோ உங்கள் நண்பர்களுக்கோ இப்படி அழைப்பு வந்தால், மகிழ்ச்சியில் உடனே பதில் எழுதிவிட வேண்டாம். துறைக்குச் சம்பந்தமே இல்லாத இதழிலிருந்து, பெயரைத் தப்பும் தவறுமாகப் போட்டு வரும் அழைப்பைக் குப்பையில் போடுங்கள். நல்ல இதழின் அழைப்பானால், அந்த இடம் ஏன் காலியாயிற்று என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் நியூரோஇமேஜ் இதழின் ஆசிரியர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர், கட்டுரைக்கு 3,450 டாலர் கட்டணம் அதிகம், குறைக்க மறுக்கிறீர்கள் என்று பதிப்பகத்தோடு முரண்பட்டு ஒட்டுமொத்தமாக விலகி, வேறொரு பதிப்பகத்தில் புதிய இதழைத் தொடங்கினார்கள். அப்படிக் காலியான நாற்காலியில் போய் உட்காரலாமா என்பது அவரவர் முடிவு, ஆனால் தெரிந்து உட்கார வேண்டும்.

இனி உங்கள் கட்டுரை. உங்கள் வழிகாட்டியின் பெயர் அதில் இருக்கிறது என்பதால் புதிய பிரிவு ஆசிரியர் அதைத் தொடவே மாட்டார். கணினி முறைமையிலேயே அவருக்கு அந்தக் கோப்பு திறக்காதபடி பூட்டி, தலைமை ஆசிரியரோ வேறு பிரிவின் ஆசிரியரோ கையாளும்படி மாற்றிவிடுவார்கள். மதிப்பாய்வாளர்கள் யார் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பழையவரிடமிருந்து கைமாறும் காலம் என்பதால் ஒரு மாதம் கூடுதலாகவே ஆகலாம். நினைவூட்ட வேண்டுமென்றால், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இதழின் அலுவலக முகவரிக்கு மட்டும் எழுதுங்கள். வாழ்த்துச் சொல்லுவதற்காக உங்கள் வழிகாட்டி அவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது, பேச்சோடு பேச்சாக இந்தக் கட்டுரையைப் பற்றி விசாரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி விசாரித்தால், அந்த அம்மையார் அதைத் தலைமை ஆசிரியருக்கு எழுதித் தெரிவிக்கக் கடமைப்பட்டவர், நான் அறிந்தவரை இந்தப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் தெரிவித்தும் விடுவார்கள்.